மூடும் முன் ஒரு படம்

இந்தப் பதிவு 1751ஆம் ஆண்டுச் சண்டையைப் பற்றியதாக இருந்திருக்க வேண்டியது. சந்தா சாகிபும் அவரோடு சேர்ந்த பிரெஞ்சுப் படையும் திருச்சியை நோக்கி வந்தபோது, கேப்டன் ஜிஞ்சன் தலைமையில் ஆங்கிலேயப் படை ஒன்று எங்க ஊர்ப் பக்கம்தான் வழிமறிக்க நின்றது. சண்டை தொடங்கின கொஞ்ச நேரத்திலேயே மிரண்டு பின்வாங்கியது. ராபர்ட் ஆர்ம் தன் வரலாற்றில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஆங்கிலேயர் எழுத்தில் வாலிகண்டபுரம் 'வால்கொண்டா' ஆகிவிட்டது. ராபர்ட் கிளைவும் அந்தப் படையோடு இருந்தார், தளவாடம் பார்க்கிற வேலையில். அந்தக் கதையை ரஞ்சன்குடிக் கோட்டை மேல நின்னு பார்த்து எழுதணும்னு போன கார்த்திகையில் ஊருக்குப் போனேன். கோட்டையும் பார்த்தேன், வாலீஸ்வரர் கோயிலையும் சுத்தி வந்தேன், குறிப்பும் எடுத்தேன். ஆனால் திரும்பி வரும்போது மண்டைக்குள்ள இருந்தது வேற விஷயம். சண்டைக் கதை அடுத்த பதிவில்.

தங்கியது சித்தப்பா வீட்டில். அவருக்குச் சித்திரை மாதம் திருச்சியில் ஒரு மருத்துவமனையில் மலக்குடல் கட்டிக்கு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. கட்டியை எடுத்து, மேலே உள்ள பெருங்குடலைக் கீழே மிச்சமிருந்த கொஞ்சூண்டு மலக்குடலோடு இணைத்துவிட்டு, அந்த இணைப்பு ஆறும் வரை மலம் அதன் வழியாகப் போகக் கூடாது என்று சிறுகுடலின் கடைசிப் பகுதியை வயிற்றின் வலது பக்கம் வெளியே கொண்டுவந்து வாய் வைத்திருந்தார்கள். டாக்டர்கள் சொல்வது ஸ்டோமா. வீட்டில் எல்லோரும் சொல்வது 'பை'. தற்காலிகப் பைதான். மருந்து ஏற்றும் சுற்றுகள் முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். சுற்றுகள் ஐப்பசியில் முடிந்துவிட்டன. தையில் தங்கச்சி கல்யாணம். அதற்குள் பையை எடுத்துவிட்டு வேட்டி கட்டிக்கொண்டு மேடையில் நிற்க வேண்டும் என்பது சித்தப்பாவின் கணக்கு. பையோடு வேட்டி கட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் புரியும், முடிச்சு விழுகிற இடத்திலேயே பை.

அன்னிக்குச் சாயங்காலம் திண்ணையில் சின்ன வெங்காயம் பிரித்துக்கொண்டே கேட்டார்.

"தம்பி, நீ என்னென்னவோ தேடித் தேடி எழுதுறியே. எனக்கு ஒண்ணு தேடிச் சொல்லு. பையை எடுக்கறதுக்கு முந்தி இன்னொரு படம் எடுக்கணுமாம். கீழேர்ந்து மருந்து உட்டு எக்ஸ்ரே எடுப்பாங்களாம். ஏற்கெனவே எடுத்த படம் ஒரு கட்டு பீரோவுல கெடக்கு. எனக்கு வலி இல்ல, காய்ச்சல் இல்ல. அப்புறம் எதுக்குடா அது?"

"பாக்காம மூடக் கூடாதுன்னுதான் சித்தப்பா" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னேன். அவர் விடவில்லை. "யாரு எப்ப மூடி, என்ன ஆச்சு? அதச் சொல்லு" என்றார்.

கேள்வி நியாயமானது. பதில் எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. நான் டாக்டர் இல்லை, படித்ததைத்தான் எழுதுகிறேன். இதே நிலையில் இருப்பவர்கள் முடிவெடுக்க வேண்டியது அவரவர் டாக்டரோடுதான்.

முதலில் நம் பக்கத்துக் கதை. சுசுருத சம்ஹிதையில் வயிற்றைத் திறக்கும் சிகிச்சை இருக்கிறது. குடல் அடைத்துக்கொண்டால் தொப்புளுக்குக் கீழே, இடப்பக்கமாக நாலு விரல் தள்ளிக் கீறி, குடலை வெளியே எடுத்துப் பார்த்து, அடைத்திருக்கும் கல், மயிர், இறுகிய மலத்தை நீக்கி, தேனும் நெய்யும் தடவி உள்ளே வைத்துத் தைக்கச் சொல்கிறது. குடலில் ஓட்டை இருந்தால் பெரிய கறுப்பு எறும்புகளைக் கடிக்க விட்டு, கடித்த பிறகு உடம்பைக் கிள்ளிவிட்டுத் தலையை மட்டும் விட்டுவிட வேண்டும். எறும்புத் தலைதான் தையல். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எறும்புக் கடி தாங்கியதா, ஒழுகியதா என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு இருந்த ஒரே வழி, நோயாளி பிழைக்கிறாரா என்று காத்திருப்பது மட்டும்தான். சித்தப்பா கேட்ட கேள்வியின் முழு வரலாறும் இந்த ஒரு இடத்தில் தொடங்குகிறது.

ஐரோப்பாவிலும் அதே நிலைதான். வயிற்றில் வாய் வைப்பதை மனிதன் கண்டுபிடிக்கவில்லை, காயம்தான் கண்டுபிடித்தது. 1706ல் ராமிலி போரில் அடிபட்ட ஜார்ஜ் டெப்பே என்ற வீரர், வெளியே தள்ளிய குடலோடு 14 வருஷம் வாழ்ந்தார் என்று பதிவு இருக்கிறது. லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் செசல்டன், மார்கரெட் வைட் என்ற பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். 50 வயதில் தொப்புளில் குடலிறக்கம், 73 வயதில் அது வெடித்து இரண்டு அடிக்கு மேல் குடல் வெளியே வந்து அழுகிவிட்டது. செசல்டன் அழுகியதை வெட்டிவிட்டு முனையை வெளியிலேயே விட்டுவிட்டார். அந்தப் பாட்டி அப்புறமும் பல வருஷம் இருந்தார். செசல்டன் இறந்தது 1752ல், அதாவது நம்ம ஊர்ச் சண்டைக்கு அடுத்த வருஷம். அந்தச் சண்டையில் வயிற்றில் ஈட்டி பாய்ந்தவனுக்கு எந்தப் பக்கத்துப் படையிலும் இதைவிட நல்ல வைத்தியம் கிடைத்திருக்காது.

வேண்டுமென்றே வாய் வைக்கும் யோசனை 1710ல் பாரிஸில் வந்தது. ஆசனவாய்ப் பாதை சரியாக உருவாகாமல் பிறந்து ஆறே நாளில் இறந்த குழந்தையின் உடலை அலெக்சி லித்ரே அறுத்துப் பார்த்தார். குடலை வயிற்றுக்குக் கொண்டுவந்து அங்கேயே ஒரு வழி செய்திருக்கலாமே என்று சொன்னார். சொன்னதோடு சரி, செய்யவில்லை. 1776ல் ரூவான் நகரில் பில்லோர் செய்தார். நோயாளி ஒரு ஒயின் வியாபாரி, மலக்குடலில் கட்டி, முழு அடைப்பு. அந்த அடைப்பைத் தள்ளிவிடட்டும் என்று அதற்கு முன்பே அவருக்குப் பாதரசம் கொடுத்திருந்தார்கள், ஒண்ணு ரெண்டு சொட்டு இல்லை, இரண்டு பவுண்டு. பில்லோர் வைத்த வாய் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் 28ஆம் நாள் நோயாளி இறந்தார். உடலைத் திறந்து பார்த்தபோது பாதரசம் சிறுகுடலில் தேங்கி, அந்த இடம் அழுகியிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது, எங்கே நிற்கிறது என்று உயிரோடு இருக்கும்போது பார்க்க வழியில்லை. 1793ல் பிரெஸ்ட் துறைமுகத்தில் துரே, மூன்று நாள் குழந்தைக்கு இடது பக்கம் வாய் வைத்தார். அந்தக் குழந்தை 45 வயது வரை வாழ்ந்தது. வைக்க முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது.

எடுக்க முடியுமா? இங்கேதான் வரலாறு சுவாரசியமாகவும் கொஞ்சம் பயமாகவும் ஆகிறது.

வளையம் போல வெளியே வந்த குடலில் இரண்டு வாய் இருக்கும். ஒன்று மேலிருந்து வருவது, இன்னொன்று கீழே போவது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தடுப்புச் சுவர். அந்தச் சுவரை உடைத்தால் மலம் தானாகக் கீழ்ப்பாதைக்குத் திரும்பிவிடும், பிறகு வெளி வாயை மூடிக்கொள்ளலாம். பிலடெல்பியாவில் பிலிப் சிங் ஃபிசிக் 1809ல் இப்படி ஒரு முயற்சி செய்தார். அதற்குச் சில வருஷம் கழித்து பாரிஸில் துபுயித்ரன் இதற்கென்றே இடுக்கி மாதிரி ஒரு கருவி செய்தார். ஒரு தாடை ஒரு வாய்க்குள், இன்னொரு தாடை இன்னொரு வாய்க்குள். நடுச்சுவரைப் பிடித்து நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி இறுக்குவார்கள். நசுங்கிய சுவர் சில நாளில் செத்து உதிரும், சுற்றியுள்ள திசு அதற்குள் ஒட்டிக்கொள்ளும். மயக்க மருந்து வராத காலம் அது.

இதில் இரண்டு குருட்டுத்தனம் இருக்கிறது. சுவருக்கு நடுவில் வேறொரு குடல் வளையம் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்பது இடுக்கி போடுகிறவருக்குத் தெரியாது. மாட்டியிருந்தால் அதுவும் நசுங்கி ஓட்டையாகும். இரண்டாவது, கீழ்ப்பாதை கடைசி வரை திறந்திருக்கிறதா என்பதும் தெரியாது. கீழே அடைப்பு இருக்கும்போது மேலே மூடினால், வர்றது எங்கே போகும்? மூடின இடத்தையே பிய்த்துக்கொண்டு வரும். விரல் விட்டுப் பார்ப்பது, கீழ் வாயில் தண்ணீர் விட்டு ஆசனவாய் வழியாக வருதா என்று பார்ப்பது, இப்படிக் கைக்கு எட்டிய அளவில்தான் சோதனை. தண்ணீர் வந்தால் பாதை திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் வழியில் எங்காவது கசிகிறதா என்பதைத் தண்ணீர் சொல்லாது.

இந்த இடத்தில் சித்தப்பாவுக்குச் சொன்ன உதாரணத்தை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். அவர் கிணற்றிலிருந்து மேட்டுக் காட்டுக்கு பைப் புதைத்த வருஷம் நானும் கூட இருந்தேன். பசை போட்டு ஒட்டின ஜாயிண்டை மண் மூடாமல் இரண்டு நாள் அப்படியே விட்டு, அப்புறம் மோட்டாரைப் போட்டு ஒவ்வொரு ஜாயிண்டாகக் கையை வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டே நடந்தார். கடைசியில தண்ணி வருதுங்கிறதை அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை. நடுவுல ஒழுகலையான்னுதான் பார்த்தார். இதைச் சொன்னதும் "ஆமா, மூணாவது ஜாயிண்டு ஒழுகுச்சு" என்றார். அதற்குப் பிறகு எனக்கு விளக்கும் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது.

உள்ளே பார்க்கும் வழி 1895 நவம்பர் 8ஆம் தேதி ரோன்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டபோது திறந்தது. ஆனால் எலும்பு தெரிகிற மாதிரி குடல் தெரியாது. அடுத்த வருஷமே ஹார்வர்டில் மாணவராக இருந்த வால்டர் கேனன், பிஸ்மத் கலந்த தீனியை ஒரு வாத்துக்குக் கொடுத்து அது நீண்ட கழுத்து வழியாக இறங்குவதைத் திரையில் பார்த்தார். 1904ல் மியூனிக்கில் ரீடர், மனிதர்களுக்கு பிஸ்மத் கலந்த உணவு கொடுத்துப் படம் எடுக்கும் முறையை நிலைநிறுத்தினார். அந்த பிஸ்மத் உப்பு சிலருக்கு விஷமானது. 1910ல் பாக்கெம், குந்தர் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் அதற்குப் பதில் பேரியம் சல்பேட்டைக் கொண்டுவந்தார்கள். கரையாது, அதனால் உடம்பில் சேராது, விலையும் மலிவு. எதிலிருந்து வருகிறது? பாரைட் என்ற கனமான கல்லிலிருந்து. உலகத்திலேயே ஒரே இடத்தில் கிடைக்கும் மிகப் பெரிய பாரைட் படிவம் நமக்குப் பக்கத்தில்தான், ஆந்திராவில் ரயில்வே கோடூருக்குப் பக்கத்து மங்கம்பேட்டையில். அங்கே வெட்டுவதில் பெரும்பகுதி எண்ணெய்க் கிணறு தோண்டும் சேற்றுக்குப் போகிறது என்பது வேறு கதை.

சென்னையில் 1934ல் பொது மருத்துவமனையோடு சேர்ந்து பெர்னார்ட் கதிரியல் நிலையம் திறக்கப்பட்டது. கேப்டன் பெர்னார்ட் பெயரில் அமைந்தது. கதிரியலுக்கென்று தனியாக ஒரு நிலையம் என்பது ஆசியாவிலேயே அப்போது புதுசு. நம்ம ஊர்க்காரர்களுக்குக் குடலைப் 'படத்தில்' பார்ப்பது என்ற எண்ணமே இப்படிப்பட்ட இடங்களிலிருந்துதான் பரவியது. 'பேரியம் குடிச்சு எடுத்த படம்' என்று என் தாத்தா காலத்து ஆட்கள் இன்னும் சொல்வார்கள்.

ஆனால் சித்தப்பாவுக்குச் செலுத்தப்போவது பேரியம் இல்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. குடலுக்குள் இருக்கும் வரை பேரியம் சாது. கசிந்து வயிற்று உறைக்குள் போய்விட்டால், மலக்கிருமியோடு சேர்ந்து கடுமையான அழற்சியை உண்டாக்கும், கட்டிப்பிடித்து உள்ளேயே கிடக்கும், எடுக்கவும் முடியாது. கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்குக் கசிந்தால் ஆபத்தான பொருளை எப்படி விடுவது? 1950களில் நீரில் கரையும் அயோடின் மருந்துகள் வந்தபோதுதான் இந்தச் சிக்கல் தீர்ந்தது. கசிந்தாலும் உடம்பு உறிஞ்சி சிறுநீரில் தள்ளிவிடும். படம் பேரியம் அளவுக்குப் பளிச்சென்று இருக்காது. ஆனால் இந்தக் காரியத்துக்குப் போதும்.

மருந்து தயாரான அதே காலத்தில் ஆளும் தயாராகிக்கொண்டிருந்தது. ஒரு தலைமுறைக்கு முன்பு வரை ஸ்டோமா என்றால் பெரும்பாலும் ஆயுசுக்கும்தான். 1921ல் ஹார்ட்மன் விவரித்த, இன்றும் அவர் பெயரில் நடக்கும் அறுவை சிகிச்சையிலேயே திரும்ப இணைப்பது நோக்கமாக இல்லை. இரண்டாம் உலகப் போர் இதை மாற்றியது. பெருங்குடலில் குண்டு பட்டவர்களுக்கு உள்ளே தைத்து மூடாமல் வெளியே வாய் வைத்துவிட வேண்டும் என்று 1943ல் அமெரிக்க ராணுவ மருத்துவத் தலைமை உத்தரவே போட்டது. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பார்த்ததை வைத்து பிரிட்டிஷ் மருத்துவர் ஓகில்வியும் அதையே சொன்னார். விளைவு, கட்டி எதுவும் இல்லாத, இருபது இருபத்தைந்து வயதுப் பையன்கள் வயிற்றில் வாயோடு ஊர் திரும்பினார்கள். அவர்களுக்கு அதை மூடித்தான் ஆக வேண்டும். 'தற்காலிகம்' என்ற வார்த்தை அப்போதுதான் பெரிய அளவில் புழக்கத்துக்கு வந்தது என்று நினைக்கிறேன்.

வாழ்வதற்கான சாமானும் மெல்ல மெல்ல வந்தது. 1952ல் பர்மிங்காமின் பிரயன் புரூக், சிறுகுடல் முனையைச் சட்டைக் கைமடிப்பு மாதிரி வெளிப்பக்கம் மடித்துத் தைக்கலாம் என்று காட்டினார். சிறுகுடலிலிருந்து வருவது நீர்த்த, தோலை அரிக்கும் திரவம். முனை துருத்திக்கொண்டு நின்றால் அது நேராகப் பைக்குள் விழும். சித்தப்பாவுடையதும் இப்படி மடித்ததுதான். 1954ல் டென்மார்க்கில் எலிஸே சோரன்சன் என்ற நர்ஸ், ஸ்டோமா வைக்கப்பட்ட தன் தங்கைக்காக ஒட்டும் பிளாஸ்டிக் பையை யோசித்தார். கிளீவ்லாந்தில் ரூபர்ட் டர்ன்புல், தோல் புண்ணாகாமல் இருக்க கராயா பிசினைப் பயன்படுத்தினார். அந்தப் பிசின் நம் நாட்டு வறண்ட காடுகளில் மரத்தைக் கீறி எடுத்து ஏற்றுமதியாவது. மத்தியப் பிரதேசத்திலும் ஆந்திராவிலும் பழங்குடி மக்கள் கீறி எடுத்த பிசின், கிளீவ்லாந்தில் யாரோ ஒருவரின் வயிற்றில் ஒட்டியிருந்திருக்கிறது. இதைப் படித்ததும் சித்திக்கு போன் பண்ணிச் சொன்னேன். "அப்புறம் ஏண்டா நமக்கு அந்தப் பை இம்புட்டு வெல?" என்றார். பதில் இல்லை.

கடைசிக் கண்ணி, இணைப்பை இவ்வளவு கீழே போடும் துணிச்சல். 1982ல் இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக்கில் பில் ஹீல்ட், மலக்குடலை அதைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையோடு முழுசாக எடுத்தால் கட்டி திரும்ப வருவது குறைகிறது என்று காட்டினார். வட்டமாகத் தைக்கும் ஸ்டேப்ளர் கருவியும் அதற்குள் வந்துவிட்டது. முன்பு ஆசனவாயையே எடுத்து நிரந்தரப் பை வைக்க வேண்டியிருந்த பலருக்கு, ஆசனவாய்க்குச் சில சென்டிமீட்டர் மேலேயே இணைக்க முடிந்தது. ஆனால் இணைப்பு எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு கசியும் வாய்ப்பு. அதனால்தான் மேலே தற்காலிகமாக வழியைத் திருப்பிவிடுவது. இது சும்மா ஒரு முன்ஜாக்கிரதையா, நிஜமாகவே உதவுகிறதா என்பதை ஸ்வீடனில் 234 பேரிடம் சோதித்து 2007ல் வெளியிட்டார்கள். ஸ்டோமா வைத்தவர்களில் தொந்தரவு தரும் கசிவு 10.3 சதவீதம், வைக்காதவர்களில் 28 சதவீதம். கேள்விக்கு இடமில்லாத வித்தியாசம்.

ஆனால் அந்த 10.3ஐயும் பாருங்கள். வழியைத் திருப்பிவிட்டாலும் சில இணைப்புகள் கசியத்தான் செய்கின்றன. இது தொந்தரவு தந்த கசிவு மட்டும். சத்தமே இல்லாமல் கசிந்து, இணைப்புக்குப் பின்னால் ஒரு சின்னப் பொந்தாக நிற்பவையும் உண்டு. மலம் அந்தப் பக்கம் போகாத வரை உடம்புக்கு எந்தக் குறையும் தெரியாது. வலி இல்ல, காய்ச்சல் இல்ல என்று சித்தப்பா சொன்னாரே, அதே நிலை. வழியைத் திறந்துவிட்ட பிறகுதான் அந்தப் பொந்து தன்னைக் காட்டும், இடுப்புக்குள் சீழாக.

அப்படியென்றால் எல்லோருக்கும் இந்தப் படம் கட்டாயமா? இங்கே டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. 2000க்குப் பிறகு வந்த பல ஆய்வுகள் ஒரே மாதிரி சொல்கின்றன: எந்தத் தொந்தரவும் இல்லாமல், விரல் விட்டுப் பார்த்ததிலும் உள்நோக்கியிலும் இணைப்பு நன்றாக இருந்தால், படம் பெரும்பாலும் புதுசாக எதையும் சொல்வதில்லை. எல்லோருக்கும் எடுப்பது தேவையில்லாத செலவும் தாமதமும் என்பது ஒரு கட்சி. ஒரு தடவை தப்பினாலும் அந்த ஆளுக்கு ஆயுசுக்கும் பை என்றாகிவிடலாம், எடுத்துவிடுவோமே என்பது இன்னொரு கட்சி. நான் படித்த வரையில் முதல் கட்சியின் கணக்கு சரியாகவே தெரிகிறது. ஆனால் கணக்கு போடுகிறவர் பார்ப்பது நூறு பேரை. திண்ணையில் உட்கார்ந்திருந்தது ஒருத்தர்.

சோதனை எப்படி இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சித்தப்பாவின் உண்மையான தயக்கம் அங்கேதான் இருந்தது. மயக்க மருந்து கிடையாது. எக்ஸ்ரே மேஜையில் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். மெல்லிய ரப்பர் குழாயை ஆசனவாய்க்குள் கொஞ்சமாக வைத்து, மருந்தை மெதுவாக விட்டு, அது ஏறுவதைத் திரையில் ஓடும் படமாகப் பார்ப்பார்கள். குழாய் நழுவாமல் இருக்க அதன் நுனிப் பலூனை ஊதும் வழக்கம் வேறு சோதனைகளில் உண்டு. இணைப்பு கீழே இருப்பவர்களுக்கு அதைத் தவிர்க்க வேண்டும், ஊதினால் பலூனே கசிவை மறைத்துவிடலாம், இணைப்பைப் பிய்த்தும் விடலாம். நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். பக்கவாட்டுப் படம் மிக முக்கியம். கசிவு பெரும்பாலும் பின்பக்கம், முதுகெலும்பை ஒட்டி இருக்கும். நேரே எடுத்த படத்தில் குடலில் இருக்கும் மருந்தே அதை மறைத்துவிடும். கடைசியில் மருந்தை வெளியேற்றச் சொல்லிவிட்டு இன்னொரு படம். குடல் காலியான பிறகும் ஒரு சொட்டு எங்காவது நின்றால் அது பொந்து. சில இடங்களில் வயிற்று வாயின் கீழ்ப்பாதை வழியாகவே மருந்தை விடுவார்கள், லூப்போகிராம் என்று சீட்டில் எழுதியிருக்கும். சிலர் சிடி ஸ்கேனோடு சேர்த்து எடுப்பார்கள். இணைப்பு சுருங்கி வாய் சின்னதாகியிருந்தாலும் இதில் தெரியும், அதையும் மூடும் முன்பே விரிக்க வேண்டும்.

"பொம்பளப் புள்ளைங்க நிப்பாங்களாடா அங்க?" என்று கேட்டார் சித்தப்பா. அதுதான் விஷயம். மூணு வாரமாகத் தேதியைத் தள்ளிப் போட்டதற்குக் காரணம் செலவும் இல்லை, பஸ்ஸும் இல்லை. நான் கூட வருகிறேன் என்றேன். மக்காச்சோளம் ஒடிக்க ஆள் வருதுன்னு ஒரு சாக்கு சொன்னார். சித்தி உள்ளே இருந்து ஒரு பார்வை பார்த்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு ரெண்டு பேரும் பெரம்பலூர் பஸ் ஏறினோம்.

படம் எடுத்தது ஒரு வயசான டெக்னீஷியனும் ஒரு இளம் பெண் டாக்டரும். சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாராம். பத்து பதினைந்து நிமிஷத்தில் முடிந்தது. வெளியே வந்து "அந்தப் பொண்ணு நம்ம ஊர்ப் பக்கமாம், வேப்பந்தட்டை" என்றார், அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. நேர்ப் படம் சுத்தமாக இருந்தது. பக்கவாட்டுப் படத்தில், இணைப்புக்குப் பின்னால், பென்சில் கோடு மாதிரி மெல்லியதாக ஒரு வெள்ளை. மருந்து வெளியேறிய பிறகும் அது அப்படியே நின்றது. ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும்.

அறுவை மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இப்போது மூட வேண்டாம், எட்டு வாரம் கழித்து இன்னொரு படம் எடுப்போம், இது மாதிரி சின்னது பலருக்குத் தானாக ஆறிவிடும் என்றார். ஆறாவிட்டால்? அப்போது வேறு வழி யோசிக்கலாம் என்றார். தற்காலிகம் என்று வைக்கப்பட்ட ஸ்டோமாக்களில் ஏறக்குறைய 5ல் 1 கடைசி வரை மூடப்படாமலே போகிறது என்று நான் ஏற்கெனவே படித்திருந்தேன். அதை அன்றைக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான்.

சித்தப்பாவுக்கு வந்த முதல் கோபம் படத்தின் மேல். "எடுக்காம இருந்திருந்தா தை மாசத்துக்குள்ள மூடியிருப்பாங்க" என்றார். பஸ்ஸில் தொழுதூர்க்காரர் ஒருத்தர் பக்கத்தில் இருந்ததால் மெதுவாகத்தான் சொன்னார். நான் மூணாவது ஜாயிண்டை ஞாபகப்படுத்தவில்லை. சிறுவாச்சூர் தாண்டினதும் அவரே, "அன்னிக்கு மண்ணை மூடியிருந்தா மறுபடி தோண்டணும்" என்றார்.

ஒரு ஆளுக்கு நடந்ததை வைத்து எல்லா ஆய்வும் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. நன்றாகப் பழகிய விரலுக்கு அந்த இடம் தட்டுப்பட்டிருக்கலாம், உள்நோக்கியில் தெரிந்திருக்கலாம். மூடியிருந்தால்கூட ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அவருக்கு அன்றைக்கு எந்த அறிகுறியும் இல்லை, கோடு இருந்தது.

கல்யாணத்துக்குப் பையோடுதான் நின்றார். தையல்காரர் ஒருத்தரிடம் சொல்லி வேட்டிக்கு மேலே கட்ட அகலமான துணிப் பட்டை ஒன்று தைத்துக்கொடுத்தோம், மேலே ஜிப்பா. தாரை வார்க்கும்போது குனிய வேண்டியிருந்தது, அப்போது மட்டும் சித்தி முகத்தில் கொஞ்சம் பதற்றம். யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. மாசி முதல் வாரம் இரண்டாவது படம். அதே மேஜை, அதே டெக்னீஷியன். பக்கவாட்டுப் படத்தில் கோடு இல்லை. பங்குனியில் மூடிவிட்டார்கள்.

இப்போது அவருக்கு வேறு பஞ்சாயத்து. ஒரு நாளைக்கு எட்டு பத்து தடவை போக வேண்டியிருக்கிறது, அடக்க முடியவில்லை. மலக்குடல் எடுத்தவர்களுக்கு இது வழக்கமாக வரும் என்றும், மாதக்கணக்கில் ஆகி மெல்லக் குறையும், சிலருக்கு முழுசாகப் போகாது என்றும் டாக்டர் சொல்லியிருக்கிறார். மோர், வாழைக்காய், சாதம் என்று ஓடுகிறது. காட்டுக்குப் போனால் கிணற்று மேட்டை விட்டு நகர்வதில்லை. போன வாரம் போனில் பேசும்போது, அந்த இரண்டு பக்கவாட்டுப் படத்தையும் தனியாக எடுத்துப் பட்டா, சிட்டா வைத்திருக்கும் தகரப் பெட்டியில் வைத்திருப்பதாகச் சொன்னார். "நீ சண்டைக் கதைய எப்ப எழுதப் போற?" என்றும் கேட்டார். எழுத வேண்டும்.